அடுப்பை அணைக்காத மதியம்

ஜூன் 8, 2018

வக்கீலம்மா எழுதி வைக்கச் சொன்னார். "தேதி போட்டு எழுதுங்கம்மா. கேஸ் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. கூண்டுல ஏறினா நேத்து சாப்பிட்டதே மறந்துடும்." எனக்கா மறக்கும்? முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எந்தப் பிள்ளைக்கு முட்டை பிடிக்காது, எந்தப் பிள்ளை பக்கத்துத் தட்டு முட்டையைப் பிடுங்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் வக்கீல் அமலோற்பவம் திருச்சியிலிருந்து முசிறிக்கு எங்களைத் தேடி வந்த மனுஷி. அவர் பேச்சைத் தட்ட மனசு வரவில்லை.

என் பெயர் தவமணி. என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மே 21ஆம் தேதி மதியம் காலமானார். அவரைக் கொன்றதாக என் ஒரே மகன் செழியன் ஜெயிலில் இருக்கிறான்.

எழுதிவிட்டேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 10

அன்றைக்கு நடந்தது.

இவருக்கு ஈரலில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரா வாரம் ஒரு நர்ஸ் வந்து வலி மருந்து கொடுத்துவிட்டுப் போவார். ஊசி போட செழியனுக்கும் பழக்கிக் கொடுத்திருந்தார். வலி வந்தால் இவர் போடும் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "எதையாவது குடுத்து என்னை அனுப்பிவிடு தவம்" என்று என்னிடம் கெஞ்சினார். நான் முடியாது என்றேன். அப்புறம் மகனிடம் கெஞ்சினார். அவன் என்னைப்போல இல்லை, இளகின மனசு.

செழியன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அன்றைக்கு ராத்திரி ஷிப்டு முடித்து, பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தான். மதியம் வீட்டுக்கு வந்தான். சோறு போட்டேன். சாப்பிட்டான். நான் கொல்லையில் தட்டு கழுவினேன். அவன் அப்பா இருந்த அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வந்து, "அம்மா, அப்பா போயிட்டாரும்மா" என்றான். நான் அழுதேன்.

சாயங்காலம் என் பெரிய நாத்தனார் கோமளவல்லி வந்து விழுந்தார். "என் தம்பி தவியாத் தவிச்சுச் செத்தானே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். செழியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல அத்தை, தவிக்கல. நான் மருந்து மொத்தத்தையும் ஊசில போட்டுட்டேன். நிம்மதியாத்தான் போனாரு" என்றான். அத்தைக்கு ஆறுதல் சொல்வதாக அவன் நினைப்பு. அத்தையின் அழுகை அப்படியே நின்றது. எழுந்து வெளியே போனார். பாடையில் பூ கட்டிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்தது. உடம்பை அறுப்பதற்குக் கொண்டுபோனார்கள், மகனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கொள்ளி வைத்தது நாத்தனார் மகன்.

ஜூன் 14

ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சுற்றிலும் எல்லாரும் கத்துகிறார்கள்.

"சாப்பிடுறியாடா? வயித்து வலி எப்படி இருக்கு?" அவனுக்கு வயிற்றுப்புண். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டுகொள்வான்.

"அதெல்லாம் இருக்கட்டும். அம்மா, நான் ஊசி போட்டுட்டு அப்பாவை லேசாப் பொரட்டிப் படுக்க வெச்சேன். அப்போ ஒரு பெருமூச்சு விட்டாரும்மா. இத்தனை மாசத்துல அப்படி ஒரு மூச்சு அவர் விட்டதே இல்ல. அது போதும் எனக்கு. தூக்குல போட்டாலும் போதும்."

நேரம் முடிந்தது என்றார்கள்.

ஜூன் 15

மாவு புளித்துவிட்டது. ஒருத்திக்கு எவ்வளவு அரைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. கொட்டினேன்.

ஜூலை 3

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. வக்கீலம்மா நேரிலேயே வந்தார். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று அப்புறம் அடக்கிக்கொண்டார்.

"ஊசி போட்ட மருந்து குத்தின எடத்துலயே தேங்கி நிக்குதாம்மா. ரத்தத்துல போகவே இல்ல. ரத்தம் ஓடினாத்தானே மருந்து ஓடும்? ஊசி குத்துறப்பவே உங்க வீட்டுக்காரர் உயிரோட இல்ல. நோயிலதான் போயிருக்கார். கொலை போச்சு. இனிமே கொலை முயற்சின்னு மாத்துவாங்க. அதையும் உடைக்கலாம். செத்தவரைக் கொல்ல முடியாதுல்ல?"

நல்லதுங்க என்றேன்.

"ஆனா எத்தனை மணிக்குப் போனார்னு டாக்டர் சொல்லமாட்டார். அரசு வக்கீல் பக்கம், உயிர் போயிட்டிருந்த நேரத்துலதான் குத்தினான், அதனாலதான் மருந்து ஓடலன்னு வாதாடுவாங்க. அதுக்கு ஒரு சாட்சி வேணும். அன்னிக்கு அவரை உயிரோட கடைசியாப் பாத்தது யாரும்மா?"

கொதிக்கிற பாலை இறக்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனேன். அடுப்பில் பால் இல்லை. வக்கீலம்மா காத்திருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஜூலை 19

கோமளவல்லி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கேஸை மாத்திட்டீங்களாமே? முன்னாடியே செத்துட்டான்னு?"

"டாக்டர் எழுதியிருக்கார் அண்ணி."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். பாடியைக் குளிப்பாட்டப் போர்வையை எடுத்தப்போ கால் கட்டைவிரல் ரெண்டும் கட்டியிருந்துச்சு. யாரு கட்டுனா?"

"நான்தான்."

"எப்போ? நான் வந்தப்போ நீ கூடத்துல கெடந்த. உள்ள போகவே இல்ல. எதிர்வீட்டுப் பொண்ணும் அதைத்தான் சொல்றா. செழியன் வந்து சொன்னதுலேர்ந்து நீ எந்திரிக்கவே இல்லியாம்."

"அழுதுக்கிட்டிருந்ததுல எனக்கே ஞாபகம் இல்ல அண்ணி."

அவர் என்னையே பார்த்தார். கோமளவல்லிக்குப் போலீஸில் வேலை கொடுத்திருக்கலாம். தெருவுக்கு ஒரு திருடன் மிஞ்சமாட்டான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர்மேல் கோபப்பட முயற்சி செய்தேன், வரவில்லை.

ஆகஸ்ட் 17

ஜாமீன் கிடைத்து செழியனைக் கூட்டிவந்தேன். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. பாலத்தில் பஸ் வரும்போது எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. ஆள் பாதியாக இளைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பா அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். நான் ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 12

வக்கீலம்மாவோடு இன்றைக்குச் சண்டை போட்டான். நான் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குத்தத்தை ஒத்துக்கறேன் மேடம். அப்பாவுக்கு வாக்குக் குடுத்தேன், செஞ்சேன்."

"நீங்க எதையும் செய்யல செழியன். செஞ்சதா நெனச்சீங்க. ரெண்டும் வேற."

"அப்ப அன்னிக்கு நான் என்ன பண்ணேன்?"

"சட்டப்படி ஒண்ணும் பண்ணல."

"எங்கப்பா மூச்சு விட்டாருங்க! நான் என் காதால கேட்டேன். அதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாருன்னா, தனியா இல்ல போயிருக்காரு? நான் வர்றேன்னு சொன்னதை நம்பிக் கெடந்து, வலியோட, தனியா... அப்படி ஒரு தீர்ப்பு வாங்கி நான் வெளிய நடக்கறதுக்கு உள்ளயே இருந்துக்கறேன்."

அமலோற்பவம் பேனாவை மூடி வைத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார்.

நவம்பர் 6

தீபாவளி. எங்களுக்கு இல்லை.

ஜனவரி 9, 2019

விசாரணை தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் என்னைக் கூப்பிடுவார்கள். செழியன் பாட்டுக்குக் கூண்டில் ஏறி, நான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அமலோற்பவம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "எப்போ உயிர் போச்சுன்னு சொல்ல ஆள் இல்லன்னா பத்து வருஷம் போயிடும்மா. அவன் ஒடம்புக்குத் தாங்காது."

அதனால் எழுதுகிறேன். ஜூன் 10ஆம் தேதி எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் அது.

அன்றைக்கு மதியம் நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். செழியனுக்குப் பிடிக்கும். முசிறி வந்துவிட்டேன், பசி உயிர் போகிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்று போன் செய்திருந்தான். உள்ளேயிருந்து இவர் "தவம்" என்று கூப்பிட்டார். கடாயில் கடுகு வெடிக்கிறது. "இருங்க, தாளிச்சுட்டு வர்றேன்" என்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டார். புளியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனேன். போய்விட்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வெந்நீர் கேட்கத்தான் கூப்பிட்டாரோ, வேறு எதற்கோ, தெரியாது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது பிள்ளை ஞாபகம் வந்தது. கத்தினால் தெருவே வந்துவிடும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. வெந்த குழம்பைக் கொட்டவேண்டும். அவன் கொள்ளி வைக்கிறவன், உடம்பு காடு போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் இறங்காது. சொந்தக்காரர்கள் மெட்ராஸிலிருந்தெல்லாம் வரவேண்டும், மறுநாள் மதியம் ஆகிவிடும். அந்த வயிற்றுப்புண்ணோடு பிள்ளை சுருண்டு விழுவான். ஒரு தட்டு சோறு சாப்பிடட்டும், கை கழுவின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அரைமணி நேர விஷயம். இவர் இருந்திருந்தாலும் முதலில் பிள்ளைக்குச் சோறு போடு என்றுதான் சொல்லியிருப்பார்.

கண்ணையும் வாயையும் மூடிவிட்டேன். விரல் விறைத்துக்கொண்டால் கட்டமுடியாது என்று கட்டைவிரல்களை மட்டும் துணி கிழித்துக் கட்டி, கழுத்துவரை போர்த்திவிட்டேன். அடுப்பை அணைக்கவில்லை. அவன் வந்து எட்டிப் பார்த்து, "தூங்குறாரா?" என்றான். ஆமாம் என்றேன். எதிரே உட்கார்ந்து பரிமாறினேன். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்திலும் அவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொல்லலாம் என்று கொல்லைக்குப் போனேன். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். வெயில் காலம், உடம்பு ஆறவே இல்லை. கையைத் தொட்டால் சுடும். அவனுக்கு எப்படித் தெரியும்? போகும்போது முகத்தைப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லாமல்தான் போயிருப்பான்.

தட்டு அங்கேயே கிடந்திருக்கலாம். ஒரு தட்டு.

ஜனவரி 10

வக்கீலம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் தொறக்காம தாடையைச் சுத்தி நாடிக்கட்டு மட்டும் ஏம்மா கட்டல?" என்றார். போர்வைக்கு வெளியே அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"இதைக் கோர்ட்டுல சொல்லணும். பொண்ணுக மேல வாயைத் தொறக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, தாங்கிப்பீங்களா?"

"ஊரு என்னமும் பேசட்டுங்க. அவன் கேக்கக்கூடாது. நான் சொல்றப்போ அவனை வெளிய உக்கார வெக்க முடியுமா?"

"குத்தவாளிக் கூண்டுல அவன்தாம்மா நிக்கணும். அவனுக்கு முன்னாடிதான் சொல்லணும்."

அதற்கு முன்னால் நானே வீட்டில் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். தினமும் சோறு போடுகிறேன், அவன் சாப்பிடுகிறான், வாயைத் திறக்க முடியவில்லை.

பிப்ரவரி 11

முதலில் டாக்டரை விசாரித்தார்கள். அமலோற்பவம் அந்தப் பெருமூச்சைப் பற்றிக் கேட்டார். கேட்கும்போது செழியன் பக்கம் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் தங்கியிருக்கும் காற்று, உடம்பைப் புரட்டினால் வெளியே வரும், பிணத்துக்கும் வரும் என்றார் டாக்டர். நல்ல மனுஷர்தான், மெதுவாகத்தான் சொன்னார். செழியன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் நான். நீ சாட்சி சொல்லவேண்டியது கோர்ட்டுக்கு, மகனுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவன் வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது, விரலைக் கட்டினேன், சோறு போட்டேன். அரசு வக்கீல் எழுந்தார். சின்ன வயசு.

"அதாவது, புருஷன் பொணமா உள்ள கெடக்கறப்போ மகனுக்கு வெளிய சாப்பாடு பரிமாறியிருக்கீங்க?"

"ஆமாங்கய்யா."

"என்ன சாப்பாடு?"

"சோறும் கருவாட்டுக் குழம்பும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மகனைக் காப்பாத்த எந்த அம்மாவும் எதையும் சொல்லுவாங்க. இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு யாராவது நம்புவாங்களா?"

கூட்டத்திலிருந்து கோமளவல்லி எழுந்துவிட்டார். "நான் நம்புறேன் சாமி! விரலைக் கட்டியிருந்ததை நான்தான் பாத்தேன்!" என்று கத்தினார். நீதிபதி அவரை அதட்டி உட்கார வைத்தார், பிறகு கூப்பிட்டு முறைப்படி விசாரிக்கச் சொன்னார். என் மகனைப் பிடித்துக்கொடுத்தவரும் அவர்தான், விடுவிக்க வழிசெய்தவரும் அவர்தான். போகும்போது என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

செழியனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான்.

மார்ச் 29

வாதம். அரசு வக்கீல் சட்டப் புத்தகத்திலிருந்தே படித்தார். திருடன் ஒருவன் இன்னொருவன் சட்டைப் பைக்குள் கையை விடுகிறான், பை காலி, ஆனாலும் திருட்டு முயற்சி குற்றம்தான். பெட்டியை உடைக்கிறான், உள்ளே நகை இல்லை, ஆனாலும் குற்றம்தான். "இங்கயும் அதேதான். பை காலி. கையை விட்டவன் எண்ணம் மாறிடுமா?"

அமலோற்பவம் எழுந்தார். "பை காலியா இருந்தாலும், பைக்குச் சொந்தக்காரர்னு ஒரு ஆள் அங்க நிக்கிறார். அவருக்குச் சட்டத்தோட காவல் உண்டு. இங்க ஆளே இல்ல. கொல்லறதுக்கு ஒரு மனுஷ உயிர் வேணும்னு சட்டம் சொல்லுது. அந்த உயிர் ஏற்கெனவே போயிடுச்சு. இவர் எதை நெனச்சாரோ அதை நெனச்சார். ஆனா நடக்கவே முடியாத குத்தத்துக்கு முயற்சின்னு பேர் வெச்சா, நாம தண்டிக்கறது கையை இல்ல, மனசை."

நன்றாகத்தான் பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் என் வீட்டுக்காரரைக் காலிப் பை என்று ஒருத்தரும், ஆளே இல்லை என்று ஒருத்தரும் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள்.

ஏப்ரல் 23

விடுதலை. எண்ணம் இருந்தது, அது போய்ச் சேர உயிர் இல்லை, ஆகவே குற்றம் இல்லை என்று நீதிபதி படித்தார். வக்கீலம்மா அழுதுவிட்டார். நான் அவருக்குக் கும்பிடு போட்டேன். செழியன் நன்றி மேடம் என்று மட்டும் சொன்னான்.

ஏப்ரல் 26

பேசுவதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். நான் சமைத்தது அப்படியே இருக்கிறது. ஜெயிலில் இருந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கமாவது என்னோடு பேசினான்.

மே 2

பழைய கம்பெனியிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். இன்று காலையில் கிளம்பினான். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா."

இரண்டரை மாதம் கழித்து அந்த வார்த்தை. அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெஜத்தைச் சொல்லு. நீ போய்ப் பாக்கறப்பவே போயிட்டாரா? இல்ல நீ பக்கத்துல இருக்கறப்பவா?"

கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. செத்துவிட்டாரா என்றுதான் கேட்டார்கள். எப்படிச் செத்தார் என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"பக்கத்துலதாண்டா இருந்தேன்" என்றேன். "கூப்பிட்டாரு, உடனே போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. செழியன் முசிறி வந்துட்டான்னு சொன்னேன். சரின்னாரு. அவ்வளவுதான். கண்ணை மூடிட்டாரு."

"வலிச்சுதா?"

"இல்லப்பா. அன்னிக்கு வலியே இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அரசு வக்கீல்கூட அப்படிப் பார்க்கவில்லை. நான் கண்ணைத் திருப்பவில்லை. பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவன் அப்பா போனதிலிருந்து அவன் அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான். அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனான். போகும்போது, உடம்பைப் பாத்துக்கோ என்றான்.

இப்போது அவர் தனியாகச் சாகவில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது.